கோடை நேரத்தில் பிறந்தவள்

மாசி பிறந்துவிட்டால் சுபஸ்ரீக்கு இங்கிலாந்துக் கடிகாரத்தின் நினைப்பு வந்துவிடும். பங்குனி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். ஐப்பசியில் பழையபடி பின்னால் இழுத்துக்கொள்வார்கள். கோடை வெளிச்சம் வீணாகக் கூடாது என்று அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. வெயில் வீணாகிறதே என்ற கவலை நம் பக்கத்தில் எந்தக் காலத்திலும் யாருக்கும் இருந்ததில்லை. அதனால் இதை விளக்கிச் சொன்னால் திருப்பூரில் சிரிப்பார்கள். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரோடு பேசுகிற எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் மட்டும் சிரிக்க மாட்டார்கள். அந்த வாரம் அவர்களுக்குப் போன் வரும் நேரம் மாறிப்போகும்.

சுபஸ்ரீ கல்யாணத்துக்கு முன்பு பல்லடத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சராக இருந்தவள். இப்போது திருப்பூர் நல்லூரில் புகுந்த வீட்டில் இருந்தபடியே, வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு வகுப்பறைப் பாடப்பொருள் தயாரித்துத் தரும் ஓர் இணையதளத்துக்கு வேலை செய்கிறாள். இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நாளைக்குக் கடிகார மாற்றத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும். கையில் ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் இணையதளத்தைத் திறந்தால் எல்லாம் தயாராக இருக்கும். திரையில் காட்டப் படங்கள், பிள்ளைகள் வெட்டி ஒட்டி முள்ளைத் திருப்ப ஒரு காகிதக் கடிகாரம், பயிற்சித்தாள், விடைகள், எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் குறிப்பு. இத்தனையையும் நல்லூரில் சமையலறைக்குப் பக்கத்து மேஜையில், கீழே இருக்கும் வீட்டுப் பனியன் கம்பெனியின் ஓவர்லாக் தையல் மெஷின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண் செய்து அனுப்பினாள் என்பது அந்த டீச்சருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அந்த வருஷம் புதுத் தொகுப்பு கேட்டிருந்தார்கள். சரிபார்க்கும் வேலை டேனியலுடையது. தூத்துக்குடிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன். படித்து, அவினாசி ரோட்டில் இருக்கும் ஆபீசில் உட்கார்ந்துவிட்டான்.

"எல்லாக் கேள்வியும் ரயிலு, ஏரோப்ளேன்னே இருக்கு மேடம்," என்றான் போனில். "அங்கத்த டீச்சர்மாரு நெசமான வாழ்க்கையில இருந்து ஒண்ணு குடுங்கன்னு கேக்காங்க. ஒண்ணே ஒண்ணு எழுதிக் குடுங்களேன்."

நெசமான வாழ்க்கை என்றதும் சுபஸ்ரீக்குத் தன்னுடையதுதான் ஞாபகம் வந்தது. அவள் பிறந்தது இங்கிலாந்தில், லெஸ்டரில். அவளுடைய அப்பா நஞ்சப்பன் நிட்டிங் மெஷின் மெக்கானிக். அந்த ஊரிலும் ஒரு காலத்தில் பின்னலாடைத் தொழில் இருந்தது. ஒரு மெஷின் கம்பெனி அவரைக் கூட்டிப்போய் நாலு வருஷம் வைத்திருந்தது. மகள் பிறந்த கதையை அவர் சொல்லாத விசேஷ வீடு கிடையாது. "ராத்திரி எட்டே காலுங்க. வெளிய பாக்கறேன், பளிச்சுனு வெயிலடிக்குது. ராத்திரில வெயிலு பாத்திருக்கறீங்களா நீங்க?" என்பார். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தப் பொல்லாத நாட்டில் அதுவும் நடக்கும் என்று விட்டுவிடுவார்கள்.

சுபஸ்ரீ அதையே கேள்வியாக எழுதினாள். ஜூலை மாதம், லெஸ்டரில் மாலை எட்டே காலுக்கு ஒரு குழந்தை பிறக்கிறது. இந்தியாவில் இருக்கும் தாத்தாவுக்கு உடனே போன் போகிறது. தாத்தாவின் கடிகாரத்தில் அப்போது மணி என்ன? விடை: ஒன்றே முக்கால், நள்ளிரவு தாண்டி. எழுதி அனுப்பிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு உலை வைக்கப் போனாள்.

அந்த ஒன்றே முக்காலை அவள் கணக்குப் போட்டு எழுதவில்லை. தன் பெயரை எழுத யாராவது கணக்குப் போடுவார்களா? அவளுடைய ஜாதகத்தின் தலையில் இருக்கும் நேரம் அது. அப்பா போனில் சொன்ன நேரத்தை அம்மாவின் அப்பா, அவளுடைய அப்புச்சி, கொமரலிங்கத்து ஜோசியரிடம் கொண்டுபோக, அவர் நம் ஊர் நேரத்துக்கு மாற்றிக் கட்டம் போட்டிருந்தார். கடக ராசி, ஆயில்ய நட்சத்திரம்.

ஜாதகம் பார்க்கும் வீடுகளில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆக மாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. பாதம் பார்த்தால் இவளுக்குத் தோஷமே இல்லை என்று சொன்ன ஜோசியர்களும் உண்டு. ஆனால் பெண் கேட்டு வந்தவர்களுக்கு நட்சத்திரத்தின் பெயரே போதுமாக இருந்தது. காபி குடிக்கும்வரை சிரித்துப் பேசியவர்கள், வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். எல்லோரும் ஒரே மாதிரி யோசித்தார்கள். மாமியார் இல்லாத வீடாகப் பாருங்கள் என்று உறவுக்காரர்கள் யோசனை சொன்னார்கள். அப்படி ஒரு வீட்டைத் தேடி அப்பா அலைந்ததை நினைத்தால் சுபஸ்ரீக்கு இப்போதும் வயிறு எரியும்.

அப்போது வந்தவள்தான் வேலாத்தாள். நல்லூரில் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கும் திருமூர்த்தியின் மனைவி. மகன் கதிர்வேலுக்குப் பெண் பார்க்க வந்தவள் ஜாதகத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"நான் போற அன்னைக்குத்தானுங்க போவேன்," என்றாள், நடுக்கூடத்தில் உட்கார்ந்து, எல்லோரும் கேட்கும்படி. "அதுக்கு இந்தப் புள்ள என்ன பண்ணும்? பேச்சு எவ்வளவு தெளிவா இருக்குது பாருங்க. எனக்கு இவதான் மருமக."

வேலாத்தாள் அப்படித்தான். கம்பெனியில் செக்கிங் மேஜையில் வேலைக்காரிகளோடு நின்று, பனியனைத் திருப்பிப் போட்டு ஓட்டை பார்த்து, பிசிறு வெட்டுவாள். மருமகள் இணையதள வேலைக்குச் சேர்ந்தபோது மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். இவள் மட்டும், "வெள்ளைக்கார டீச்சருக்கெல்லாம் எங்க ஊட்டுல இருந்துதான் பாடம் போகுது," என்று தெருவெல்லாம் சொன்னாள். மாதிரிக்குச் செய்து பார்க்கும் காகிதக் கடிகாரங்களைப் பிசிறு வெட்டும் கத்தரியால் அவளே வெட்டிக் கொடுப்பாள். பெற்ற அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் சுபஸ்ரீ இந்த அத்தையிடம் சொல்லியிருக்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முன்பு, இதே மாசி மாதம், வேலாத்தாள் செத்துப்போனாள். நெஞ்சு வலி. வாயு என்று நினைத்தார்கள். ஓமத் தண்ணி குடித்தாள், சோடா குடித்தாள், வேலை பார்த்தாள். இரண்டு நாள் கழித்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. சுபஸ்ரீ அப்போது ஊரிலேயே இல்லை. மகள் அக்ஷராவைத் தூக்கிக்கொண்டு கொமரலிங்கத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சேதி கேட்டு ஓடி வந்து வாசலில் கால் வைத்தபோது, கதிர்வேலின் அக்கா சாந்தாமணி பிணத்தின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டியா? நெனச்சதை முடிச்சுட்டு வந்துட்டியா? ஆயில்யம், ஆயில்யம்னு நாங்க தலைபாடா அடிச்சுக்கிட்டமே, எங்கம்மா கேட்டாளா?"

சாவு வீட்டுக்கு வந்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அதன் பிறகு அந்த இரண்டு நாள் நெஞ்சு வலியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆயில்யத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அது பேசுவதற்குச் சுலபமாக இருந்தது.

வீட்டில் அவளைக் கொடுமை செய்தார்கள் என்று சொன்னால் அது பொய். மாமனார் திருமூர்த்தி ஒரு சொல் சொன்னதில்லை. கதிர்வேலும் சொன்னதில்லை. வருஷா வருஷம் வேலாத்தாளின் திதி வரும்போது மட்டும், சாந்தாமணி வருவதற்கு முன்னால், "நீ ஒரு ரெண்டு நாளு ஊருக்குப் போயிட்டு வந்துறு," என்பான் கதிர்வேல். அவள் போய்விடுவாள். அத்தையின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றும் நேரத்தில் அவள் கொமரலிங்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். செத்த அன்றைக்கும் ஒரு மூலையில்தான் உட்கார்ந்திருந்தாள்; அழுதால் நடிக்கிறாள் என்பார்கள் என்று அழாமல் இருந்தாள். நாலு வருஷமாக அந்த அழுகை உள்ளேயே கிடந்தது.

இந்த வருஷம் திதி அடுத்த திங்கட்கிழமை. ஊருக்குப் போகச் சொல்லி இன்னும் யாரும் சொல்லவில்லை. சொல்லுவார்கள்.

மறுநாள் டேனியல் கூப்பிட்டான். "மேடம், அந்தக் குழந்தை கேள்விக்கு விடை தப்பா வந்துருக்கு. ஒரு மணி நேரம் கூடிப் போச்சு."

"இல்லைங்க டேனியல், அது சரிதானுங்க. அது எனக்கு நல்லாத் தெரியும்."

"ஜூலையில அங்க கோடை நேரம்லா மேடம். வித்தியாசம் நாலரை மணி நேரந்தான. நீங்க அஞ்சரையைக் கூட்டிட்டிய. பன்னெண்டே முக்கால்தான் வரும். அஞ்சாறு வருசமா அடுத்தவியளுக்குச் சொல்லிக்குடுக்கிய, நீங்களே தப்பு விட்டுட்டியளே." சிரித்தான். பிறகு, "மேடம், லைன்ல இருக்கியளா?" என்றான்.

"இருக்கறேனுங்க. மாத்தி அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மேஜையில் மாதிரிக்கு வெட்டிய காகிதக் கடிகாரம் கிடந்தது. எட்டே காலில் முள்ளை வைத்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் முதலில் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினாள். அதன் பிறகு ஐந்தரையைக் கூட்டினாள். பன்னிரண்டே முக்கால். இன்னொரு தடவை செய்தாள். டேனியல் சொன்னதுதான் வந்தது. அவளுக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை.

அப்பாவைக் கூப்பிட்டாள். "அப்பா, நான் பொறந்தப்ப அங்க கடிகாரத்தை முன்னால தள்ளி வெச்சிருந்தாங்களா?"

"ஆமா கண்ணு. வருசத்துக்கு ரெண்டு வாட்டி திருப்புவாங்க. வேலைக்கு நேரங்கழிச்சுப் போயி நான் ஒருக்கா திட்டு வாங்கியிருக்கறேன்."

"பொறகு ஏனுங்கப்பா ஜோசியர்கிட்ட அதைச் சொல்லலை?"

"ஜோசியர் கேக்கலையே கண்ணு. நான் அங்க போன புதுசுல, நமக்கும் அவியளுக்கும் அஞ்சரை மணி நேரம் வித்தியாசம்னு உங்க அப்புச்சிகிட்டச் சொன்னேன். அது மார்கழி மாசம். அதையே ஜோசியருகிட்டச் சொல்லிப்போட்டாரு போல. ஏங்கண்ணு, அதுல ஏதாச்சும் மாறுமா?"

"தெரியலீங்கப்பா," என்றாள். காபி குடித்துவிட்டு எழுந்து போன அத்தனை மாப்பிள்ளை வீட்டாரையும் வாசல் வரை போய்க் கைகூப்பி அனுப்பியவரிடம் வேறு என்ன சொல்வது?

தனியார் பஸ் ஏறிப் பல்லடம் போனாள். அங்கே இளங்குமரன் என்று ஒரு ஜோசியர். நடுத்தர வயசு, நெற்றியில் பட்டை, முன்னால் லேப்டாப். பிறந்த ஊர், தேதி, நேரம் எல்லாம் கேட்டுத் தட்டினார். ஆயில்யம் என்று வந்தது. "அதுல கோடை நேரம்னு ஒரு கட்டம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள் சுபஸ்ரீ. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தேடினார். மூலையில் சின்னதாக ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டார்.

"பூசம்," என்றார். டிக்கை எடுத்துப் பார்த்தார், மறுபடி போட்டுப் பார்த்தார். "ராசி அதே கடகந்தானுங்க. நட்சத்திரம் மாறுதுங்க. நீங்க பொறந்து செத்த நேரம் கழிச்சுத்தான் ஆயில்யமே தொடங்குது. பூசத்துக்கு எந்தத் தோசமுமில்லீங்க. நல்ல நட்சத்திரமுங்க."

"ஆயில்யத்துல பொறந்தா நெசமாவே மாமியாருக்கு ஆகாதுங்களா?"

"நூல்ல இருக்கறதைச் சொல்றமுங்க," என்றார் அவர் பொதுவாக. "அதை விடுங்க, உங்களுக்குத்தான் இனி அது இல்லியே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். கோழித் தீவன மூட்டையும், காலேஜ் பிள்ளைகளும், காது கிழியும் பாட்டும். கம்பியைப் பிடித்து நின்றபடி சுபஸ்ரீக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதில் எல்லாம் தனக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் அவள் இத்தனை நாளும் தன்னிடமே சொல்லி வந்தாள். டீச்சர் அல்லவா? ஆனால், நம்பாதவளுக்கு இப்போது ஏன் நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்ததுபோல் இருக்க வேண்டும்? அவள் நம்பித்தான் இருந்தாள். தூக்கம் வராமல் கிடந்த எத்தனையோ நாள், அத்தை என்னால்தான் போனாளோ என்று நினைத்திருக்கிறாள். வேறொருத்தி நிஜமாகவே ஆயில்யத்தில் பிறந்திருந்து, இதே பழியைச் சுமந்துகொண்டிருந்தால் அவளுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதை நினைத்துப் பார்க்க அன்றைக்கு அவளுக்குத் தெம்பு இல்லை. முதலில் தன்னுடையது தீரட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது கதிர்வேலிடம் சொன்னாள். கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் அடுத்த கவளத்துக்குள் வாடியும் போயிற்று.

"இப்பப் போயி அப்பாகிட்ட இதைக் கிளறணுமா? திதி வேற வருது. முடியட்டும், பொறகு மெதுவாச் சொல்லிக்கலாம்."

"திதி முடிஞ்ச பொறகு சொல்றதுக்கு எனக்கு ஒண்ணுமில்லீங்க. திதிக்கு நான் ஊட்டுல இருக்கணும்."

"நான் உன்னய ஒரு வார்த்தை சொல்லியிருப்பனா சுபா?"

"சொல்லலீங்க. மத்தவங்க சொன்னப்பவும் நீங்க ஒரு வார்த்தை சொல்லலீங்க."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் வாயைத் திறக்காமல் இருப்பதெல்லாம் நல்ல குணத்தில் சேராது என்பது சுபஸ்ரீக்கு இந்த நாலு வருஷத்தில் நன்றாகப் புரிந்திருந்தது. "அப்பாகிட்ட நீயே சொல்லு," என்று கை கழுவ எழுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. மெஷின்கள் மேல் துணி போர்த்தியிருந்தது. நூலும் எண்ணெயும் கலந்த வாசம் மட்டும் நின்றது. திருமூர்த்தி லீவு நாளிலும் காலையில் கம்பெனிக்குள் ஒரு சுற்று வந்துவிட்டு, செக்கிங் மேஜைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். சுபஸ்ரீ டீ கொண்டுபோய் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமுங்க."

"சொல்லு அம்மணி."

விளக்கிச் சொல்ல நிறைய வேண்டியிருக்கும், பாடம் நடத்துவதுபோல் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும் என்றெல்லாம் நினைத்து வந்திருந்தாள். ஆனால் கோடை நேரம் என்று அவள் வாயெடுத்ததுமே அவர் தலையாட்டிவிட்டார். முப்பது வருஷமாக வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர். "ஆமா, மார்ச்சு கடைசியில அவியளுக்கு மாறிரும். அன்னையிலிருந்து போன் ஒரு மணி நேரம் முன்னாலயே வந்துரும்," என்றார். தான் பிறந்தது அந்தக் கோடை நேரத்தில் என்றும், ஜோசியர் அதைக் கழிக்காமல் விட்டார் என்றும், பல்லடத்தில் போய்ச் சரியாகப் பார்த்ததையும் அவள் சொன்னாள். அவர் டீயைத் தொடவில்லை.

"அப்ப நீ ஆயில்யம் இல்ல."

"இல்லீங்க மாமா. பூசமுங்க."

மேஜை மேல் ஒட்டிக்கிடந்த நூல் பிசிறு ஒன்றை அவர் விரலால் எடுத்தார். இன்னொன்றையும் எடுத்தார். மன்னிப்புக் கேட்பாரோ, கேட்டால் என்ன சொல்வது என்று சுபஸ்ரீ தவித்தாள்.

"அப்ப அவ ஏன் போனா?" என்றார் திருமூர்த்தி.

தன்னோடு வாதம் செய்கிறார் என்று நினைத்து அவள் ஏதோ சொல்ல வந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அவர் அவளிடம் கேட்கவே இல்லை.

"மொத நாளு காத்தாலயே சொன்னா," என்றார். "இங்கதான் நின்னுட்டிருந்தா. ஏனுங்க, நெஞ்சு பிடிக்குது, கோயமுத்தூர் போயி ஒரு தடவ பாத்துட்டு வந்தறலாமான்னா. சரக்கு கண்டெய்னர்ல ஏறட்டும், போலாம்னேன். சரின்னுட்டு வேலையப் பாத்தா. மறுநாளு மறுபடியும் கேட்டா. அவ எதையும் ரெண்டு தடவ கேக்கற ஆளில்ல. அன்னைக்குக் கேட்டா. அப்பவும் நான் அதையேதான் சொன்னேன். கண்டெய்னர் ஏறுச்சு. ஏறுன பொறகுதான் போனோம்."

வெளியே தெருவில் ஒரு பைக் போயிற்று. அவர் அது போகும்வரை காத்திருந்து பேசினார்.

"சாந்தாமணி அன்னைக்கு அத்தன பேரு முன்னாலயும் உன்னயச் சொன்னாளே, நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அப்படிச் சொல்லாதடின்னு தொண்ட வரைக்கும் வந்துச்சு. பொறகு பேசாம இருந்துட்டேன். எனக்கு அது சவுரியமா இருந்துச்சு அம்மணி."

இந்த நாலு வருஷமும் மாமனார் தன்மேல் கோபமாக இருக்கிறார், பண்புள்ளவர் என்பதால் வெளியே காட்டாமல் இருக்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் தன் முகத்தை நேராகப் பார்க்காததற்கும் அதுதான் காரணம் என்று நினைத்து, அவர் எதிரில் வராமல் ஒதுங்கி ஒதுங்கிப் போயிருக்கிறாள். இவருக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"யாருக்குஞ் சொல்லிறாத," என்றார் அவர். கை இரண்டும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன. "சாந்தாமணிக்குத் தெரிஞ்சா அவளும் இதையேதான் கேப்பா. அப்ப எங்கம்மா ஏன் போனாங்கன்னு. நான் என்னன்னு சொல்லுவேன்? கதிரு கேப்பான். நான் இருக்கற வரைக்கும் ஆயில்யம்னே இருந்துட்டுப் போகட்டும் கண்ணு. நீ சின்ன வயசு, தாங்கிக்குவ. என்னால முடியாது."

அவர் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. பேங்க் மேனேஜரிடமும் பையரிடமும் நிமிர்ந்து பேசுகிற மனிதர். அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அதே சமயம் மேஜையில் இருக்கும் அத்தனையையும் வாரி அவர்மேல் வீச வேண்டும் என்று ஆத்திரமும் வந்தது. இரண்டும் உண்மைதான். எது முதலில் வந்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியாது.

"மாட்டேனுங்க மாமா," என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"நான் யாருகிட்டயும் போயி உங்களைப் பத்திச் சொல்ல மாட்டேனுங்க. அது உங்க பாடு. நீங்க சொன்னாலுஞ் சரி, சொல்லாட்டியுஞ் சரி. ஆனா ஆயில்யம்னு இருக்க மாட்டேனுங்க. சாந்தாமணி நங்கையா நாளைக்கு வந்தா, நான் பொறந்த நேரம் தப்பாப் போட்டிருந்தாங்கன்னு சொல்லுவேன். அவங்க உங்ககிட்ட என்ன கேக்கறாங்களோ, அதுக்கு நீங்கதான் பதில் சொல்லிக்கணும்."

"அம்மணி..."

"அத்தைய நெனச்சு நான் இன்னும் ஒரு தடவகூட அழலீங்க மாமா. எல்லாரும் அழுதீங்க. எனக்கு மட்டும் அழறதுக்கு விடலை. என்னயப் பொண்ணு பாக்க வந்தப்ப அந்த ஜாதகத்தக் கையில வாங்காம இவதான் மருமகள்னு சொன்னது அவங்க ஒருத்தர்தானுங்க. அவங்களுக்கு நான் அழ வேண்டாமுங்களா? நாளைக்கு நான் எங்கயும் போகலீங்க. ஊட்டுலதான் இருப்பேன்."

திருமூர்த்தி தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சாவு வீட்டில் மாலையும் கையுமாக வந்தவர்களை வரிசையாக நின்று கும்பிட்டு அனுப்பிய மனிதர், அன்றைக்குக் கண் கலங்காத மனிதர், இப்போது ஆளில்லாத கம்பெனியில் சத்தம் வராமல் அழுதார்.

உங்கள்மேல் தப்பில்லை மாமா, அப்போதே போயிருந்தாலும் அத்தை பிழைத்திருக்க மாட்டார் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். வேறு எந்த மருமகளும் சொல்லியிருப்பாள். அவளுக்கும் நாக்கு நுனி வரை வந்தது. அது உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. டாக்டர்கள் யாரும் அப்படிச் சொன்னதாக அவள் கேள்விப்படவில்லை. அவள் சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டாள். உள்ளேயே கிடந்த அழுகை அப்போதுதான் வந்தது, வந்ததும் நிற்கவில்லை. நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஒரு நாளும் நேருக்கு நேர் உட்காராத இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, வேலாத்தாளுக்காக அழுதார்கள்.